தேய்ந்த இரட்டைக் குழலில் எது அழகு, எது ஆபத்து: ஒரு பர்மிங்ஹாம் பாக்ஸ்லாக் துப்பாக்கியின் நிகழ்வு ஆய்வு

பிரிட்டனில் பழைய துப்பாக்கி ஏலத்துக்கு முந்தைய பார்வை நாளில் ஒரே வகை, ஒரே வயதுள்ள இரண்டு இரட்டைக் குழல் துப்பாக்கிகள் பக்கத்தில் பக்கத்தில் நிற்பது வழக்கம். ஒன்றின் குழல் கன்னங்கரேலென்று மின்னும். கட்டையில் புது மெருகு. மற்றொன்றில் இரும்பின் நிறமெல்லாம் போய் வெள்ளி மாதிரி வெளுத்திருக்கும். பிடியில் வெட்டிய குறுக்குக் கோடுகள் கை பட்டுப் பட்டு மழுங்கியிருக்கும். புதிதாக வாங்க வந்தவர் முதலாவதை எடுப்பார். பறவை வேட்டையில் பழகியவர் இரண்டாவதைத்தான் முதலில் திறந்து பார்ப்பார். பழமைமேல் உள்ள பாசம் மட்டும் அதற்குக் காரணமல்ல. கை பட்டு வந்த தேய்மானம் வேறு, கவனிக்காமல் விட்டதால் வந்த தேய்மானம் வேறு. கை பட்ட தேய்மானம் துப்பாக்கிக்குச் சாட்சி சொல்லும். கவனிக்காமல் விட்ட தேய்மானம் சுடுபவரின் இடக்கையைக் கொண்டுபோகக்கூடியது. பளபளப்பாக்கப்பட்ட துப்பாக்கியில் இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கவே முடியாமல் போகிறது.

இந்த ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது 1904-க்கும் 1925-க்கும் இடைப்பட்ட சோதனை விதிகளின்கீழ் (குழல் மருந்தின் அழுத்தத்தைத் தாங்குமா என்று பார்க்கும் சோதனை) முத்திரை பெற்ற, 12 போர் (குழல் விட்டத்தின் அளவு; எண் கூடினால் விட்டம் குறையும்), எஜெக்டர் (சுட்ட கூட்டைத் தானே தெறித்து எறியும் அமைப்பு) இல்லாத சாதாரண பர்மிங்ஹாம் பாக்ஸ்லாக், அதாவது சுத்தி உறுப்புகள் நடு இரும்புப் பெட்டிக்குள் அடங்கிய வகை. கீழே வரும் அளவுகள் இந்த வகையில், இந்த வயதில் சாதாரணமாகப் பார்க்கக்கூடியவை. ஒரே துப்பாக்கியில் வைத்துப் பேசினால்தான் ஒரு குறை அடுத்த குறையோடு எப்படிச் சேர்கிறது, முடிவு எப்படி எடுக்கப்படுகிறது என்பது விளங்கும். மேல்பட்டையில் (இரு குழலையும் மேலே இணைக்கும் பட்டையில்) பொறித்த பெயர் இங்கே முக்கியமில்லை. அந்தக் காலத்தில் சிற்றூர்க் கடைக்காரர் பலர் தங்கள் பெயரில் விற்ற துப்பாக்கியைச் செய்து கொடுத்தது பர்மிங்ஹாம் பட்டறைகள்தான்.

உள்ளே இருப்பது ஆன்சன்-டீலி பூட்டு, அதாவது தோட்டாவை வெடிக்க வைக்கும் சுத்தி அமைப்பு. வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் நிறுவனத்தில் இருந்த வில்லியம் ஆன்சனும் ஜான் டீலியும் 1875-இல் காப்புரிமை பெற்ற அமைப்பு இது. வெளியே சுத்தி கிடையாது. குழலை மடக்கித் திறக்கும்போது முன்கட்டை இரும்பு ஒரு நெம்பைத் தள்ள, உள்ளே இருக்கும் சுத்தி பின்வாங்கி மாட்டிக்கொள்ளும். உறுப்புகள் மிகக் குறைவு. அதனால்தான் நூறு வருடம் கழித்தும் இவை வேலை செய்கின்றன. குழலை ஆக்‌ஷனோடு பூட்டுவது லண்டன் துப்பாக்கிக் கைவினைஞர் ஜேம்ஸ் பர்டி 1863-இல் கொண்டுவந்த இரட்டை அடிப்பூட்டு (ஆக்‌ஷன் என்பது சுத்தியும் விசையும் அடங்கிய நடு இரும்புப் பகுதி). மேல்லீவரைத் தள்ளினால் அந்தப் பூட்டைப் பின்னிழுக்கும் சுழல்தண்டு 1865-இல் வந்த, துப்பாக்கிக் கைவினைஞர் ஸ்காட்டின் வடிவம். இந்த மூன்றும் சேர்ந்த அமைப்புதான் இன்றுவரை உலகம் முழுவதும் பக்கவாட்டு இரட்டைக் குழல்களில் திரும்பத் திரும்பச் செய்யப்படுகிறது.

எடையும் கையும்

துப்பாக்கியின் எடை 6 பவுண்டு 7 அவுன்ஸ், அதாவது 2.92 கிலோ. குழல் 28 அங்குலம். இன்றைய 12 போர் மேல்-கீழ் குழல் துப்பாக்கி பெரும்பாலும் மூன்றரைக் கிலோவை ஒட்டி நிற்கும். அரைக் கிலோ வித்தியாசம் கடையில் கையில் எடுத்துப் பார்த்தால் பெரிதாகத் தெரியாது. ஸ்காட்லாந்தின் ஹெதர் புதர் மண்டிய மேட்டில் ரெட் கிரவுஸ் பறவையைத் தேடி ஏழு மணி நேரம் நடந்தபின் தெரியும். நடந்துபோய் எழுப்பிச் சுடும் வேட்டையில் ஒரு நாளில் சுடுவது பத்துப் பதினைந்து தோட்டாவாக இருக்கலாம். தூக்கி நடப்பதோ நாள் முழுக்க. பறவை எழும் கணத்தில் தோள் சோர்ந்திருந்தால் குழல் பறவைக்குப் பின்னாலேயே போகும்.

எடை குறைந்தால் உதை கூடும். அதற்குப் பழைய கைவினைஞர்கள் ஒரு கணக்கு வைத்திருந்தார்கள்: துப்பாக்கியின் எடை, அது எறியும் ஈய ரவையின் எடையைப்போல் 96 மடங்கு இருக்க வேண்டும். 2,920 கிராமை 96-ஆல் வகுத்தால் 30 கிராம் சொச்சம் வருகிறது. இந்தத் துப்பாக்கி 30 கிராம் தோட்டாவுக்காகச் செய்யப்பட்டது, 28 கிராமில் இன்னும் இதமாக இருக்கும் என்பதைத் தராசே சொல்லிவிடுகிறது. இதில் 36 கிராம் தோட்டாவைப் போட்டுவிட்டு "பழைய துப்பாக்கி ரொம்ப உதைக்குது" என்று குறை சொல்வதில் நியாயமில்லை.

எடை எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பது எடையைவிட முக்கியம். இந்த வகையில் சமநிலைப் புள்ளி குழல் மடங்கும் கீல் ஆணியிலோ, அதற்கு ஓர் அரை அங்குலம் முன்னாலோ இருக்கும். எடை இரு கைகளுக்கும் நடுவில் குவிந்திருப்பதால் திடீரென்று எழும் பறவையை நோக்கிக் குழல் தாமதமில்லாமல் நகரும். குழல் முனையில் எடை கூடினால் அசைவு நிதானமாகும். உயரத்தில் வரும் ஃபெசன்ட்டுக்கு அது நல்லது, காலடியிலிருந்து வெடித்துக் கிளம்பும் கௌதாரிக்கும் வளைந்து வளைந்து ஓடும் உள்ளானுக்கும் நல்லதல்ல.

அடுத்தது இரண்டு விசைகள். முன்விசை வலக்குழலுக்கு, பின்விசை இடக்குழலுக்கு. வலக்குழல் வாய் திறந்தது, இடக்குழல் இறுகியது. 20 கஜத்தில் எழுந்து விலகிப் போகும் பறவைக்கு முன்விசை. தவறினால் அது 35 கஜத்தை எட்டும்போது விரலைப் பின்னுக்கு நகர்த்தினால் இறுகிய குழல் தயார். பறவை நம்மை நோக்கி வந்தால் வரிசை தலைகீழ்: தூரத்தில் பின்விசை, நெருங்கியதும் முன்விசை. ஒற்றை விசைத் துப்பாக்கியில் இதற்கு ஒரு பொத்தானைத் தள்ள வேண்டும். பறவை காற்றில் இருக்கும் இரண்டு நொடியில் யாரும் அதைச் செய்வதில்லை. இன்னொரு லாபமும் உண்டு. இரண்டு பூட்டும் தனித்தனி. ஒன்றின் வில் ஒடிந்தாலும் மற்றது அன்றைய பொழுதை ஓட்டிவிடும்.

எஜெக்டர் இல்லாததைக் குறையாக நினைப்பவர்கள் உண்டு. திறந்தால் தோட்டாக் கூடு தெறிக்காமல் சற்றே மேலே எழும், கையால் எடுத்துப் பையில் போட வேண்டும். நடந்து சுடும் வேட்டைக்கு இது போதும். கூடு வயலில் சிதறுவதில்லை. பழுதாகும் உறுப்புகளும் குறைவு. ஏலத்தில் விலையும் குறைவு.

வெளித் தேய்மானம் சொல்லும் கதை

ஆக்‌ஷன் இரும்பில் முதலில் இருந்த நீலமும் பழுப்பும் கலந்த வண்ணம், இரும்பை எலும்புக்கரியோடு சூடேற்றித் தண்ணீரில் அமுக்கியதால் வந்தது. மிக மெல்லிய தோல் அது. உள்ளங்கை படும் அடிப்பகுதியில் முதலில் போகும். மேல்லீவரின் வேருக்கும் திருகுத் தலைகளுக்கும் பக்கத்திலுள்ள இடுக்குகளில் கடைசிவரை ஒட்டிக்கொண்டிருக்கும். இந்தத் துப்பாக்கியில் அப்படித்தான் இருக்கிறது: அடிப்பக்கம் வெள்ளி, இடுக்கில் மட்டும் நீலம். விசைக் காப்பு வளைவின் இடப்பக்கம் வெளுத்திருக்கிறது. முன்கட்டைக்குச் சற்று முன்னால் இடக்கை பிடிக்கும் இடத்தில் குழலின் கறுப்பு தேய்ந்து பழுப்பாகியிருக்கிறது. இந்த மூன்று இடமும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போவதைக் கவனிக்க வேண்டும். இப்படி ஒத்துப்போனால் துப்பாக்கி கையில் இருந்து தேய்ந்திருக்கிறது, பெட்டியில் கிடந்து துருப்பிடிக்கவில்லை என்று பொருள். நடுவில் யாரும் உப்புத்தாள் போடவில்லை என்றும் பொருள்.

திருகுகள் இன்னும் நன்றாகப் பேசும். பர்மிங்ஹாம் வேலைக்காரர்கள் திருகின் பிளவை மயிரிழை அகலத்தில் வெட்டி, இறுக்கியபின் எல்லாப் பிளவும் குழலின் நீளவாக்கில் நிற்கும்படி அமைத்தார்கள். பிளவின் விளிம்பு பிதுங்கியிருந்தால், அளவாகத் தீட்டாத திருப்புளியை வைத்து யாரோ உள்ளே போயிருக்கிறார்கள். எதற்குப் போனார்கள் என்பது அடுத்த கேள்வி. இந்தத் துப்பாக்கியில் அடித்தட்டுத் திருகு ஒன்று மட்டும் கோணலாக நிற்கிறது. பூட்டில் ஏதோ வேலை நடந்திருக்கிறது என்று அங்கேயே குறித்துக்கொள்ளலாம். அந்தக் குறிப்பு பிறகு உதவியது.

குழலுக்குப் புதுக் கறுப்பு ஏற்றியிருந்தால் சந்தேகம் இரட்டிப்பாக வேண்டும். கறுப்பு ஏற்றுவதற்குமுன் துருக்குழியைத் தேய்த்து எடுப்பார்கள். ஒவ்வொரு முறை தேய்க்கும்போதும் குழல் சுவரில் சில தவு போகும். (லேத் பட்டறையில் தவு என்று சொல்வது அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கை.) இதைவிடக் கொடுமை, கொதிக்கும் காரக் குளியலில் முக்கிக் கறுப்பு ஏற்றுவது. பழைய இரட்டைக் குழல்களில் மேல்பட்டையும் கீழ்பட்டையும் மென்பற்று ஈயத்தால் ஒட்டியவை. காரக் குளியல் அந்தப் பற்றைத் தின்றுவிடும். அன்று நன்றாகத்தான் இருக்கும். அடுத்த சீசனில் பட்டை எழும்பும். இரட்டைக் குழலுக்கு ஏற்றது மெதுவாகத் துருவேற்றி, கொதிநீரில் இட்டு, கம்பித்தூரிகையால் துடைத்து, அதையே பல நாள் திரும்பச் செய்யும் பழைய முறைதான்.

முத்திரைகள்

முன்கட்டையைக் கழற்றிக் குழலை எடுத்துவிட்டால் தோட்டா அறைக்குக் கீழே தட்டையான இரு பரப்புகள். அங்கே கிரீடத்தின்கீழ் BP, கிரீடத்தின்கீழ் BV, கிரீடத்தின்கீழ் NP என மூன்று முத்திரைகள். முதலாவது கரிமருந்துச் சோதனை. இரண்டாவது கண் பார்வைச் சோதனை. மூன்றாவது புகையில்லா மருந்துக்கான சோதனை. மூன்றாவது இல்லாத பிரிட்டிஷ் துப்பாக்கியில் இன்று கடையில் விற்கும் தோட்டாவைப் போடக் கூடாது. இரும்பும் எஃகும் முறுக்கிச் சுற்றி அடித்த டமாஸ்கஸ் குழல்களில் இது மிக முக்கியம். டமாஸ்கஸ் என்பதாலேயே ஒரு குழல் கெட்டதாகிவிடாது. புகையில்லா மருந்துச் சோதனையில் தேறியவை இருக்கின்றன. முத்திரை இல்லாமல் நம்பிக்கையின்பேரில் சுடுவதுதான் கெட்டது.

பக்கத்தில் 13/1 என்ற எண். பழைய பின்ன முறையில் இதன் பொருள், சோதனையின்போது குழலின் உள்விட்டம் .719 அங்குலம். அடுத்த படி 12, அதாவது .729. அதற்கடுத்தது 12/1, .740. தோட்டா அறைக்கு வைரக் கட்டத்துக்குள் 12, C என்று மட்டும் இருக்கிறது, நீளம் இல்லை. அறை நீளத்தை அங்குலத்தில் பொறிக்கும் வழக்கம் 1925 விதிகளோடு வந்தது. ஆகவே இந்த வயதுத் துப்பாக்கியில் அறை நீளத்தை அளந்தே ஆக வேண்டும். அளந்தால் 2½ அங்குலம், 65 மில்லிமீட்டர். யாரும் அதைக் குடைந்து 70 ஆக்கவில்லை என்பது நல்ல செய்தி. குடைந்திருந்தால் அறைச் சுவர் மெலிந்திருக்கும், மறுசோதனைக்கும் அனுப்பியிருக்க வேண்டும்.

குழல்

உள்விட்டத்தை அறைப் பக்கத்திலிருந்து 9 அங்குலத்தில் அளப்பது மரபு. வலக்குழல் .724, இடக்குழல் .726. முத்திரையில் .719. இத்தனை வருடத்தில் துருக்குழியைத் தேய்த்ததில் ஐந்தும் ஏழும் தவு போயிருக்கின்றன. .729-ஐத் தொடாததால் பழைய விதிப்படி துப்பாக்கி இன்னும் சோதனை எல்லைக்குள் நிற்கிறது. எல்லை தாண்டியதை விற்பது பிரிட்டனில் 1868-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். இடக்குழலில் மிச்சம் மூன்று தவுதான். இனி ஒருமுறை குழி தேய்க்க இதில் இடமில்லை என்று எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

உள்விட்டம் ஒரு பாதி உண்மைதான். குழலை உள்ளே மட்டுமல்ல, வெளியேயும் தேய்த்திருப்பார்கள். அதனால் சுவரின் கனத்தை அதற்கென்று உள்ள மானியை நுழைத்து, குழல் நெடுக, சுற்றிலும் நான்கு பக்கமும் பார்க்க வேண்டும். இங்கே மிக மெல்லிய இடம் வலக்குழலில் 24 தவு, இடக்குழலில் 22. தொழிலில் 20 தவுவை எல்லைக்கோடாகப் பார்க்கிறார்கள். அதற்குக் கீழே போனால் உடனே வெடித்துவிடும் என்று பொருளல்ல, வேலிக் கம்பியில் இடித்தாலே நசுங்கும்; நசுங்கலை எடுக்கவும் இரும்பு இருக்காது. மெல்லிய இடம் எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். குழல் முனையை நோக்கிய பாதியில் 22 இருப்பதும், அழுத்தம் உச்சத்தில் இருக்கும் அறைக்கு முன்னால் 22 இருப்பதும் ஒன்றல்ல. இரண்டாவது என்றால் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விடலாம்.

நசுங்கலையும் வீக்கத்தையும் கண்டுபிடிக்கக் கருவி வேண்டாம். குழலை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து ஜன்னல் சட்டத்தின் நிழல் கோட்டை உள்ளே ஓடவிட்டால், நசுங்கிய இடத்தில் கோடு உடையும். வீங்கிய இடத்தில் வளையம் தெரியும். நசுங்கலை உள்ளே விரியும் முளையால் எழுப்பிவிடலாம். வீக்கம் வேறு சமாச்சாரம்; அங்கே இரும்பு இழுபட்டுவிட்டது. வீக்கத்துக்குப் பெரும்பாலும் காரணம் குழல் வாயில் போன சேறு, பனி, அல்லது தவறிப்போய் உள்ளே விழுந்த 20 போர் தோட்டா. 12 போர் அறையில் 20 போர் தோட்டாவைப் போட்டால் அது வழுக்கிப்போய் அறைக்கு முன்னால் மாட்டிக்கொள்ளும். பின்னால் அறை காலியாகத் தெரியும். 12 போர் தோட்டாவைப் போட்டுச் சுட்டால் குழல் கிழிந்துவிடும். 20 போர் கூடுகளை மஞ்சள் நிறத்தில் செய்யும் வழக்கம் இதற்காகத்தான். வேட்டைக் கோட்டின் பையில் இரண்டு அளவும் ஒருநாளும் சேர்ந்து இருக்கக் கூடாது.

பட்டைகளுக்கு ஒரு சோதனை உண்டு. குழல் அடியில், கீல் ஆணியில் மாட்டும் கொக்கியில் கயிற்றைக் கட்டித் தொங்கவிட்டு விரல்நகத்தால் தட்டினால் கோயில் மணி மாதிரி நீண்டு ஒலிக்க வேண்டும். 'டொக்' என்று செத்த ஒலி வந்தால் பட்டை எங்கோ விட்டிருக்கிறது. விட்ட இடத்தில் மழைநீர் இறங்கி, கண்ணுக்குத் தெரியாத உட்பக்கத்தில் குழலைத் தின்னும். இந்தத் துப்பாக்கி ஒலித்தது.

முகம் விடுதல்

குழலின் பின்பக்கம் ஆக்‌ஷன் முகத்தில் இடைவெளியில்லாமல் ஒட்ட வேண்டும். கொக்கியோ கீல் ஆணியோ தேய்ந்தால் குழல் முன்னால் நகர்ந்து இடைவெளி விழும். பார்க்கும் முறை எளிது, ஆனால் பலர் ஒரு படியை விட்டுவிடுகிறார்கள்: முன்கட்டையைக் கழற்ற வேண்டும். முன்கட்டையின் வில் குழலைப் பின்னுக்கு இழுத்துப் பிடித்திருப்பதால் ஆட்டம் மறைந்துவிடும். கழற்றியபின் பிடியைப் பிடித்து லேசாக ஆட்டினால் கைக்குத் தெரியும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் கண்ணுக்குத் தெரியும். ஒரு சிகரெட் தாள் சுமார் ஒரு தவு கனம்; எத்தனை தாள் நுழைகிறது என்பதே அளவு.

இங்கே மூன்று தாள் நுழைந்தது. மேல்லீவர் நடுக்கோட்டிலேயே நிற்கிறது. அது நடுவைத் தாண்டி இடப்பக்கம் போயிருந்தால் அடிப்பூட்டும் தேய்ந்திருக்கும். ஆகத் தேய்ந்தது கீல்தான். இதைச் சரிசெய்யத் தவறான வழிகள் நிறைய. கொக்கியின் வளைவைச் சுத்தியலால் தட்டிப் பிதுக்குவது, மெல்லிய தகட்டை ஒட்டுவது, இவையெல்லாம் விற்கும் நாள்வரை தாங்கும். கொக்கியின் பின்புறத்தில் உளி தட்டிய தடம் இருக்கிறதா என்று உருப்பெருக்கியால் பார்ப்பது இதற்காகத்தான். சரியான வழி இரண்டு: கீல் ஆணி தனியாகச் செருகியதாக இருந்தால் சற்றுப் பெரிய புது ஆணி, ஆக்‌ஷனோடு ஒன்றாகச் செதுக்கியதாக இருந்தால் கொக்கியில் இரும்பை ஏற்றி, விளக்குப் புகையைப் பூசி மூடித் திறந்து, கரி படும் இடத்தை மட்டும் அரத்தால் எடுத்து எடுத்துப் பொருத்துவது. இரண்டாவது வேலை பொறுமையைக் கேட்கும். நல்ல கைவினைஞரிடம் செய்தால் இன்னொரு தலைமுறைக்கு நிற்கும்.

கீல் ஏன் தேய்கிறது? காய்ந்த கிரீஸும் மணலும் ஒரு காரணம், கனமான தோட்டா மறு காரணம். கீலில் ஒரு துளி கிரீஸ் வைத்தாலே முதல் காரணம் போய்விடும்.

விசையும் பூட்டும்

முன்விசை 3¾ பவுண்டில் விழுகிறது, சரியான அளவு. பின்விசை 2¾ பவுண்டில் விழுகிறது. இது ஏற்க முடியாதது. கோணலாக நின்ற அந்தத் திருகின் கதை இங்கே வெளிப்படுகிறது: யாரோ உள்ளே போய் சியரின் முனையை மென்மையாக்குகிறேன் என்று தேய்த்திருக்கிறார். சியர் என்பது சுத்தியைப் பிடித்து நிறுத்தும் பல். அதன் பிடி குறைந்தால் வலக்குழல் சுட்ட அதிர்ச்சியில் இடக்குழலும் தானாக வெடிக்கும்.

ஆன்சன்-டீலி பூட்டில் ஒரு விஷயத்தை எல்லோரும் மனதில் வைக்க வேண்டும். பாதுகாப்புப் பொத்தான் விசையை மட்டும்தான் தடுக்கிறது, சுத்தியைத் தடுப்பதில்லை. பல் நழுவினால், பொத்தான் பூட்டியிருந்தாலும் சுத்தி விழும். நல்ல சைடுலாக்குகளில் (பூட்டு பக்கத் தட்டில் இருக்கும் வகை) சுத்தியைக் குறுக்கே பிடிக்கும் இரண்டாவது பல் உண்டு, இதில் இல்லை. அதனால் பாக்ஸ்லாக்கில் 3 பவுண்டுக்குக் கீழே இருக்கும் விசையை மென்மை என்று பாராட்டக் கூடாது. சோதிக்க, இரு அறையிலும் மருந்தில்லாத போலித் தோட்டா வைத்து, பொத்தானைத் திறந்து, விசையைத் தொடாமல் கட்டையின் அடியை உள்ளங்கையால் ஓங்கித் தட்ட வேண்டும். இரண்டு சுத்தியும் அசையக் கூடாது. இடது விழுந்தது. சியரைப் புதிதாகச் செய்து கடினப்படுத்திப் பொருத்தியபின் பின்விசை 4¼ பவுண்டுக்கு வர வேண்டும். பின்விசை கொஞ்சம் கனமாக இருப்பது நல்லது. விரல் அங்கே நகரும்போது துப்பாக்கி உதையில் இருக்கிறது.

கட்டை

வால்நட் கட்டை. பிடி நேரானது, விரல் முன்விசையிலிருந்து பின்விசைக்குப் போகும்போது கையும் சற்று நகர நேர்பிடிதான் வசதி. விசையிலிருந்து அடிவரை நீளம் 14⅜ அங்குலம். மேல்பட்டைக் கோட்டிலிருந்து கன்னத்துக்கு இறக்கம் 1½, அடியில் 2¼. இந்த அளவு இன்றும் பலருக்குப் பொருந்தும். அதே காலத்து அமெரிக்கத் துப்பாக்கிகள் பலவற்றில் அடி இறக்கம் 3 அங்குலம்வரை போகும். தலையை நிமிர்த்திச் சுடும் அன்றைய பழக்கத்துக்காகச் செய்தவை அவை. கன்னத்தைப் பதிக்கும் இன்றைய சுடுபவர் அவற்றில் கீழேயே சுடுவார்.

ஆக்‌ஷனுக்குப் பின்னால் மரம் கறுத்திருக்கிறது. துப்பாக்கியை முனை மேலாக நிறுத்தி வைத்ததால் எண்ணெய் பூட்டு வழியாக இறங்கி ஊறிய கறை அது. ஊறிய மரம் உதையைத் தாங்காமல் நசுங்கும், பிறகு பிளக்கும். இங்கே மேல்வால் இரும்பின் பின்னால் ஒரு மயிர் விரிசல். ஆக்‌ஷனைக் கழற்றி, எண்ணெயை அசிட்டோனாலும் சுண்ணாம்புப் பொடிப் பசையாலும் பல முறை உறிஞ்சி எடுத்து, அதன்பிறகுதான் விரிசலில் பசை ஏற்ற வேண்டும். எண்ணெய் மரத்தில் எந்தப் பசையும் பிடிக்காது. அவசரப்பட்டு முதலிலேயே ஒட்டியவர்கள் அடுத்த வருடம் மறுபடி ஒட்டுகிறார்கள்.

மழுங்கிய குறுக்குக் கோடுகளை மறுபடி வெட்டலாமா? நாங்கள் வேண்டாம் என்போம். வெட்டும்போது மரம் இன்னும் ஒரு படி இறங்கும், பிடி மெலியும். மழையில் வழுக்கும் அளவுக்கு மழுங்கியிருந்தால் மட்டுமே அந்த வேலை.

என்ன தோட்டா

அறை 65 மில்லிமீட்டர் என்றால் 65 மில்லிமீட்டர் அறைக்கு என்று பெட்டியில் அச்சிட்ட தோட்டா. 70 மில்லிமீட்டர் தோட்டா இதில் சிரமமில்லாமல் நுழையும், துப்பாக்கியும் மூடும். ஏமாற்றுவது இதுதான். வாய் மடித்த நிலையில் தோட்டா குட்டையாக இருக்கிறது. சுட்டதும் மடிப்பு விரிந்து அறைக்கு முன்னால் குறுகும் கூம்புக்குள் போய், ரவை செல்லும் வழியை நெருக்கி, அழுத்தத்தை ஏற்றும். பழைய அமெரிக்க 16 போர்களிலும் இதே கதை. அவற்றில் பல 2 9/16 அங்குல அறையோடு வந்தவை. இன்றைய 2¾ அங்குலத் தோட்டா தடையின்றி உள்ளே போகும்.

நம்மூரில் பால்ரஸ் என்று சொல்லும் ஈய ரவையில், பிரிட்டிஷ் 6-ஆம் எண் ஓர் அவுன்ஸுக்குச் சுமார் 270. 28 கிராமில் ஏறத்தாழ 266. கிரவுஸுக்கும் கௌதாரிக்கும் 7-ஆம் எண் (அவுன்ஸுக்கு 340) பொருத்தம்.

ஈயம் எல்லா இடத்திலும் இன்று செல்லாது. அமெரிக்காவில் நீர்ப்பறவை வேட்டைக்கு 1991 முதல் நாடு முழுக்கத் தடை. இங்கிலாந்தில் 1999 முதல் வாத்துகளுக்கும் வாத்துவகைப் பறவைகளுக்கும் தடை. எஃகு ரவையை இந்தத் துப்பாக்கியில் நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். எஃகு கடினம், நசுங்காது. இறுகிய சோக்கில் (குழல் வாயின் குறுகலில்) மோதிக் குழல் முனையில் வளைய வீக்கம் உண்டாக்கும். இடக்குழல் வாய் .702, உள்விட்டம் .726, வித்தியாசம் 24 தவு, அரைச் சோக்கைத் தாண்டியது. இங்கே வழி பிஸ்மத் உலோக ரவை. ஈயத்தின் அடர்த்தி 11.3, பிஸ்மத் 9.7-ஐ ஒட்டி, எஃகு 7.8. பிஸ்மத் மென்மையானது, பழைய குழலைக் காயப்படுத்தாது. அடர்த்தி குறைவை ஈடுகட்ட ஓர் எண் பெரிய ரவை: ஈயத்தில் 6 என்றால் பிஸ்மத்தில் 5. விலை அதிகம்தான். நாளுக்குப் பத்துத் தோட்டா சுடும் வேட்டையில் அந்தச் செலவைத் தாங்கலாம்.

தகட்டில் சுடுதல்

வேலையெல்லாம் முடிந்தபின் இரண்டு சோதனை. முதலாவது பொருத்தம். 16 கஜத்தில் வெள்ளையடித்த இரும்புத் தகட்டில் புள்ளியைப் பார்த்து, குறி வைக்காமல், பறவையைச் சுடுவதுபோல் தூக்கியதும் சுட வேண்டும். எட்டுப் பத்து முறை. கண்ணிலிருந்து குழல் முனைவரை ஏறத்தாழ ஒரு கஜம் என்பதால் தகட்டில் ஓர் அங்குலம் விலகினால் கட்டையில் 1/16 அங்குலம் மாற்ற வேண்டும். சராசரியாக மூன்று அங்குலம் இடப்பக்கம் போகிறது என்றால் கட்டையை 3/16 அங்குலம் வளைத்தால் போதும். சூடான எண்ணெய் ஊற்றி வளைப்பார்கள். விரிசல் பழுது பார்த்த கட்டையை வளைக்குமுன் கைவினைஞரிடம் அதைச் சொல்லியே ஆக வேண்டும்.

இரண்டாவது பரவல். 40 கஜம், 30 அங்குல வட்டம், ஒவ்வொரு குழலுக்கும் குறைந்தது ஐந்து தாள், சராசரி. வலக்குழல் சோக் 6 தவு, எதிர்பார்க்கும் அளவு பாதி, அதாவது 133 ரவை. அரைச் சோக்குக்கு 60 விழுக்காடு, 160. இடக்குழல் அதற்குச் சற்று மேலே வர வேண்டும். இன்றைய பிளாஸ்டிக் கிண்ணத் தக்கை (மருந்துக்கும் ரவைக்கும் நடுவில் வைப்பது) ரவையை நசுங்காமல் காப்பதால் பழைய சோக் எண்ணைவிட இறுக்கமாகச் சுடுவது அடிக்கடி நடக்கும். இடக்குழல் 70 விழுக்காட்டைத் தாண்டினால் சோக்கைக் குடையாமல் முதலில் நாரட்டைத் தக்கைத் தோட்டாவைப் போட்டுப் பார்க்க வேண்டும். எடுத்த இரும்பை யாரும் திரும்ப வைக்க முடியாது.

இந்தியாவில் இந்தத் துப்பாக்கிகள் தாத்தா காலத்து உரிமத்தோடு பல வீடுகளில் இருக்கின்றன. கல்கத்தாவின் மாண்டன், ரோடா போன்ற கடைகள் விற்றவை அவற்றில் உண்டு. 1972 வனவிலங்குச் சட்டமும் 1991 திருத்தமும் வந்தபின் பறவை வேட்டைக்கு இங்கே இடமில்லை. முத்திரை, அறை நீளம், சுவர் கனம் பார்ப்பது மட்டும் எந்த ஊரிலும் அதேதான். இலக்குச் சுடுதலுக்கு எடுப்பவரும் அதைப் பார்க்காமல் ஒரு தோட்டாவும் போடக் கூடாது.

முடிவு: வாங்கலாம். கீல், இடது சியர், கட்டையின் விரிசல் மூன்றும் சரியான பிறகே சுட வேண்டும். 65 மில்லிமீட்டர், 28 கிராம். குழலுக்குக் கறுப்பு ஏற்ற வேண்டாம், ஆக்‌ஷனை மெருகேற்ற வேண்டாம். மழையில் நனைந்த நாளில் முன்கட்டையைக் கழற்றி அடியில் தங்கிய நீரைத் துடைத்து, அலமாரியில் முதல் இரவு முனை கீழாக நிறுத்த வேண்டும். சீசன் முடிந்ததும் மறுபடி சிகரெட் தாள். ஒரு தாள் நுழைய ஆரம்பித்தால் கீலைப் பொருத்தியவரிடம் அப்போதே கொண்டுபோக வேண்டும், மூன்றாகும்வரை காத்திருக்கக் கூடாது.